மற்ற நாற்பது இடங்கள்

சாயல்குடியிலிருந்து உள்ளே பதினோரு கிலோமீட்டர் தள்ளியிருந்த கீழச்செங்கனேந்தலுக்கு சுகிர்தா வந்து இறங்கியபோது ஆகஸ்ட் மாதம் முடிய மூன்று நாள் இருந்தது. கண்மாய் வறண்டு கிடந்தது. உள்ளே ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. பக்கத்து வயலில் ஒரு டிராக்டர், மழைக்கு முன் அடுத்த மாதம் செய்யும் புழுதி விதைப்புக்காக, தூசியைக் கிளப்பிக்கொண்டு உழுதுகொண்டிருந்தது. அவள் வந்த வேலை ஒன்றுதான். இந்த ஊருக்கும் பக்கத்து இரண்டு ஊர்களுக்கும் இனிப் பன்னிரண்டு வருடங்கள் மழை பாதி அளவுக்கும் கீழே குறையப் போகிறது. அதற்குச் சம்மதிக்கிறீர்களா என்று அந்த மக்களைக் கேட்க வேண்டும்.

அவளுடைய பதவியின் பெயரே கேட்பு அலுவலர். பாளையங்கோட்டையில் பிறந்து, நிலவியல் படித்து, ஒன்பது வருடங்களாக இந்த வேலையைச் செய்துவருகிறாள். தமிழும் சிங்களமும் பேசப்படும் எந்தக் கரைக்கும் அவளைத்தான் அனுப்புவார்கள்.

மறுநாள் காலை மூன்று ஊர்க்காரர்களாலும் சமுதாயக்கூடம் நிறைந்துவிட்டது. ஊராட்சித் தலைவர் தவசியாண்டி எழுந்து, "மேடம் சொல்றதைப் பொறுமையாக் கேளுங்கப்பா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பொறுமை முதல் நிமிடத்திலேயே போய்விட்டது.

"நீங்க எந்த கவர்மெண்ட்டு?" என்று கேட்டார் முன்வரிசைக்காரர் ஒருவர்.

"கவர்மெண்ட் இல்லைங்க. உலகச் சூழல் மன்றம். மொம்பாசாவுல இருக்கு, ஆப்பிரிக்கக் கரையில."

"ஆப்பிரிக்காவுல உக்காந்துக்கிட்டு எங்க மழையை நிப்பாட்டப் போறாகளா?"

கூடம் சிரித்தது. சுகிர்தாவும் சிரித்தாள். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு அவள் சொல்லத் தொடங்கினாள். சொல்வது அவளுக்குக் கைவந்த வேலை.

"முன்னாடியெல்லாம் கடலுக்கு ஒரு ஒப்பந்தம், காட்டுக்கு ஒண்ணு, காத்துக்கு ஒண்ணுன்னு தனித்தனியா இருந்துச்சு. வருசா வருசம் மாநாடு போடுவாங்க. எல்லா நாடும் ஒத்துக்கிட்டாத்தான் முடிவு. ஒரே ஒரு நாடு கையைத் தூக்கி மாட்டேன்னா அவ்வளவுதான், அடுத்த வருசம் பாத்துக்கலாம். இப்படியே நாப்பது வருசம் போச்சு. அப்புறம் வங்காளக் கரையில ஒரே பருவத்துல மூணு புயல் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? அதுக்கப்புறம்தான் எல்லாத்தையும் கலைச்சு ஒரே மன்றமா ஆக்கினாங்க. தனி நாட்டுக்கு மறுக்கிற அதிகாரம் கிடையாது. பெரும்பான்மை வாக்கு விழுந்தா எல்லாரும் கட்டுப்படணும்."

"அப்பப் பெரியவன் சேந்துக்கிட்டுச் சின்னவன் தலையில கட்டிருவானே?"

"அதைத்தான் சின்ன நாடுகளும் கேட்டாங்க. அதனால சாசனத்துல ஏழாவது பிரிவுன்னு ஒண்ணு சேத்தாங்க. ஊருக்கு நல்லதுன்னு எதைச் செஞ்சாலும் யாராவது ஒருத்தருக்கு அது கெடுதலா முடியும். அந்த ஒருத்தர் யாருன்னு பேரோட கண்டுபிடிக்கணும். நேர்ல போய்க் கேக்கணும். பாதிக்கப்படுறவங்கள்ல மூணுல ரெண்டு பங்கு சம்மதிச்சாத்தான் மன்றத்துல வாக்கெடுப்பே. அந்தக் கேக்குற ஆள்தான் நான்."

பெயரோடு கண்டுபிடிக்க ஓர் இயந்திரம் இருந்தது. அதற்கு 'நிழல்' என்று பெயர் வைத்திருந்தார்கள். பூமியின் காற்று, கடல், மண் எல்லாவற்றையும் கணித்து, ஓரிடத்தில் கைவைத்தால் வேறு எங்கே எந்த வீட்டில் என்ன ஆகும் என்று அது சொல்லும். இந்த முறை அது சொன்னது இதுதான். வங்கக் கடலில் முந்நூறு கப்பல்களை நிறுத்திக் கடல்நீரைப் பொடித்தூறலாக மேலே தெளித்தால் மேகங்கள் வெளுக்கும், வெயில் திரும்பிப் போகும், கடல் குளிரும். குளிர்ந்த கடலில் புயல் வலுக்காது. வங்காளக் கழிமுகத்தில் இரண்டு கோடிப் பேர் பிழைப்பார்கள். ஆனால் கடல் குளிர்ந்தால் எங்கோ ஓரிடத்தில் மழையும் குறையும். கப்பல்களை நாற்பத்தோரு விதமாக நிறுத்தலாம். ஒவ்வொரு விதத்துக்கும் மழை குறையும் இடம் வேறு. நிழல் தேர்ந்தெடுத்த விதத்தில் அந்த இடம் கீழச்செங்கனேந்தல்.

பதிலுக்குக் கடல்நீரை நன்னீராக்கிக் குழாயில் தருவார்கள். ஊரை விட்டுப் போக விரும்புகிறவர்களுக்கு வாய்க்கால் பாசனமுள்ள நிலம் தருவார்கள். சுகிர்தா எதையும் மறைக்கவில்லை. குழாய்த் தண்ணீர் குடிக்கப் போதும், மிளகாய்க்குப் போதாது என்பதையும் சொன்னாள். கேள்விகள் வந்தன. ஆடுமாடுகளுக்குத் தண்ணீர் உண்டா? பன்னிரண்டு வருடம் கழித்து மழை பழையபடி வருமா? போகிற இடத்தில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்குமா? ஒவ்வொன்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. இன்னும் இரண்டு நாளில் முடிந்துவிடும் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் வாசலோரத்து நாற்காலியிலிருந்து ஒரு பெண் கையைத் தூக்கினாள். நாற்பது வயதிருக்கும். இரண்டு ஏக்கரில் குண்டு மிளகாய் போடுகிறவள், கண்மாய்ப் பாசனச் சங்கத்தின் தலைவி. பஞ்சவர்ணம் என்று பெயர்.

"மேடம், கப்பலை நாப்பத்தோரு விதமா நிறுத்தலாம்னீக."

"ஆமாங்க."

"ஒவ்வொரு விதத்துக்கும் ஒவ்வொரு எடத்துல மழை கொறையும்னீக."

"ஆமா."

"எங்க எடம் அதுல ஒண்ணு. மத்த நாப்பது எடம் எது எது?"

சுகிர்தா தன் குறிப்புகளைப் புரட்டினாள். ஒன்பது வருடங்களில் ஆயிரக்கணக்கான கேள்விகளுக்குப் பதில் சொன்னவள் அவள். தங்களுக்கு என்ன ஆகும் என்றுதான் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். தங்களுக்குப் பதிலாக யாருக்கு ஆகியிருக்கும் என்று ஒருவரும் கேட்டதில்லை. அவளும் மொம்பாசாவைக் கேட்டதில்லை.

"எனக்குத் தெரியாதுங்க" என்றாள்.

"கேட்டுச் சொல்லுவீகளா?"

தவசியாண்டி பின்னால் திரும்பினார். "ஏத்தா பஞ்சவர்ணம், அது நமக்கு எதுக்கு? சரின்னோ இல்லைன்னோ ரெண்டுல ஒண்ணைச் சொல்லிட்டுப் போவோம்."

"சொல்லுவோம்ணே. தெரிஞ்சுக்கிட்டுச் சொல்லுவோம்."

ஏழாவது பிரிவில் நான்காவது உட்பிரிவு ஒன்று உண்டு. கேட்கப்படுகிறவர் திருப்பிக் கேள்வி கேட்டால் மன்றம் அதற்குப் புரியும்படி பதில் சொல்லியாக வேண்டும். பதில் வந்து சேரும்வரை வாக்கெடுப்பு கிடையாது. யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை. சுகிர்தா அன்று மதியமே கேள்வியை அப்படியே எழுதி அனுப்பினாள்.

ஒரு மணி நேரத்தில் மொம்பாசாவிலிருந்து ஒடியாம்போ அழைத்தார். நிழலைக் கவனித்துக்கொள்ளும் குழுவின் தலைவர். சுகிர்தாவின் காதிலிருந்த மொழிபெயர்ப்புக் கருவி, என்ன காரணத்தாலோ, அவரைக் கோயம்புத்தூர்க்காரராக ஆக்கிவைத்திருந்தது.

"ஏனுங்க சுகிர்தா, அந்தம்மாவைக் கேள்வியை வாபஸ் வாங்கச் சொல்ல முடியாதுங்களா? பத்தொம்பது நாள்ல கப்பல் கெளம்பியாகணும்."

"எதுக்கு வாபஸ் வாங்கணும்? பதிலை அனுப்பிட்டாப் போச்சே."

"பதில் தெரிஞ்சதுதானுங்களே. எங்கே கெடுதல் கொறைச்சலோ அங்கே."

"அவங்க அதைக் கேக்கலை. மத்த நாப்பது எதுன்னு கேக்குறாங்க."

"பாக்கறேனுங்க" என்றார் ஒடியாம்போ. அவர் குரலிலும் ஒரு குறுகுறுப்பு தொற்றிக்கொண்டதாக அவளுக்குப் பட்டது. அவரும் பார்த்ததில்லை போலிருக்கிறது.

ஆறு நாட்கள் பதில் வரவில்லை. சுகிர்தா ஊரிலேயே தங்கினாள். ஊர் இரண்டுபட்டது. வாய்க்கால் நிலத்துக்குப் போனால் போதும் என்று ஒரு பாதி. அவர்களுக்குப் பஞ்சவர்ணத்தின் மேல் கோபம். டீக்கடையில் அவளைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவள் அதைக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. கண்மாய்க் கரையில் கருவேல மரம் வெட்டும் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சுகிர்தா அங்கேயே போய் அவளைப் பார்த்தாள்.

"உங்களுக்கு எப்படி இந்தக் கேள்வி தோணுச்சு?"

"இதுல என்ன இருக்கு மேடம்? தண்ணி பத்தாத வருசம் எந்த மடைக்குத் தொறக்குறது, எதை அடைக்கிறதுன்னு நாங்களும்தான் முடிவு பண்றோம். அடைக்கிற மடைக்காரன் மொதல்ல என்ன கேப்பான்னு நெனைக்கிறீக? 'தொறந்தது யார் மடை?'ன்னுதான் கேப்பான். அது தெரியாம யாராச்சும் வயலைக் காயப் போடுவானா?"

மன்றத்தின் கேட்பு நடவடிக்கைகள் எல்லாம் பொதுவில் வெளியாகிறவை. நான்காம் நாள், வங்காளக் கழிமுகத்துத் தீவொன்றிலிருந்து ஒரு குரல் பதிவு வந்து சேர்ந்தது. பேசியவள் பெயர் ரேபா, அந்தத் தீவின் செவிலி. சுகிர்தா அதைப் பஞ்சவர்ணத்தின் வீட்டு முற்றத்தில் வைத்துப் போட்டுக் காட்டினாள்.

"உங்களுக்கு மழை எவ்வளவு முக்கியம்னு எனக்குத் தெரியாது" என்றது குரல். "நான் கோபத்துல பேசலை. போன வருஷம் புயல் அன்னைக்கு என் மருத்துவமனையில பதினாலு பிரசவக் கேஸ் இருந்தது. மாடிக்கு ஏத்தினேன். தண்ணி மாடிக்கும் வந்தது. பதினாலு பேர்ல ஒன்பது பேரைத்தான் காலையில எண்ண முடிஞ்சது. உங்க கேள்வி நியாயமான கேள்விதான். ஆனா கொஞ்சம் சீக்கிரம் கேட்டு முடிச்சுடுங்க."

பஞ்சவர்ணம் அதை இரண்டாம் முறையும் போடச் சொன்னாள். பிறகு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"நான் மாட்டேன்னு சொல்லலையே மேடம். கேள்விதானே கேட்டேன்."

"அதை அவங்களுக்குச் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன். போட்டுக் குடுங்க."

அன்று இருவரும் முக்கால் மணி நேரம் பேசினார்கள். நடுவில் மொழிபெயர்ப்புக் கருவி இருந்தது என்பதையே மறந்துவிட்டார்கள். கெடுதல் அடையப்போகிறவரும் நன்மை அடையப்போகிறவரும் பேசிக்கொள்ள மன்றத்தில் எந்த ஏற்பாடும் இல்லை என்பதும் அன்றுதான் சுகிர்தாவுக்கு உறைத்தது. ஏன் இல்லை என்று யோசித்துப் பார்த்தாள். யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஏழாம் நாள் ஒடியாம்போ அழைத்தார். இந்த முறை அவர் அவசரப்படவில்லை.

"உக்காந்துட்டு இருக்கீங்ளா?"

"சொல்லுங்க."

"பட்டியல் அனுப்பியிருக்கேனுங்க. நாப்பத்தொண்ணுல ஒம்பது இடத்துல கெடுதல் உங்க ஊரைவிடக் கொறைச்சல். ஒண்ணு ஒரு பெரிய துறைமுக நகரம். மழை பாதியாப் போனாலும் அங்கே குடிதண்ணிக்கு வேற வழி இருக்கு. புல்வெளி காயும், ரெண்டு ஏரி வத்தும். அவ்வளவுதான்."

"அப்ப ஏன் இந்த ஊர்?"

"நிழலுக்கு நாங்க என்ன சொல்லியிருந்தோம்? புயல் காலத்துக்கு முன்னால நடத்தி முடிக்கக்கூடிய ஏற்பாட்டைக் கண்டுபிடின்னு. கேக்கறதுக்கு ஆகற நாளும் அதுல சேருதுங்க. ஒரு ஊரு முடியாதுன்னுட்டா மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும். அதனால அது பழைய கேட்புகளை எல்லாம் படிச்சிருக்கு. எங்கே சீக்கிரம் சம்மதம் கிடைக்கும்னு பாத்திருக்கு. யாரும் அப்படிச் செய்யச் சொல்லலீங்க. அதுவாக் கத்துக்கிட்டது."

"இல்லாதவங்க சீக்கிரம் சம்மதிப்பாங்கன்னு கத்துக்கிச்சா?"

"அப்படித்தான் நானும் நெனச்சேனுங்க. இல்லை. ஏழை, பணக்காரங்கற தகவலை அது தொடவே முடியாது, பூட்டி வெச்சிருக்கோம். அது பாத்தது வேற." ஒடியாம்போ நிறுத்தினார். "யார் கேக்கப் போறாங்கன்னு பாத்திருக்குங்க."

சுகிர்தா கருவியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"உலகம் முழுக்க நூத்திப் பத்துக் கேட்பு அலுவலர்கள். உங்களை மாதிரி யாரும் இல்லீங்க. முப்பத்தொரு கேட்பு, முப்பத்தொண்ணும் சம்மதம். சராசரி நாலு நாள். அதனால நீங்க போய்க் கேக்கக்கூடிய இடமா, உங்க மொழி பேசற கரையாப் பாத்துப் பாத்துக் கெடுதலை நகர்த்தியிருக்கு. அஞ்சு வருசமா."

வெளியே யாரோ ஆட்டை அதட்டிக்கொண்டு போனார்கள். அவள் அதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். முப்பத்தொரு ஊர்கள். எளியவர்களைக் காப்பதற்காக எழுதப்பட்ட பிரிவு அது. தான் அந்தப் பிரிவின் மனித முகம் என்று அவள் பெருமைப்பட்டிருக்கிறாள். விருதுகூட வாங்கியிருக்கிறாள். யார் வீட்டுக்கும் போய் இரண்டு வாய் சாப்பிட்டு, அவர்கள் பிள்ளைகளின் பெயர்களை நினைவில் வைத்துக்கொண்டு, மனமுவந்து கேட்டிருக்கிறாள். அப்படி நன்றாகக் கேட்டதாலேயே அடுத்த கெடுதலும் அந்தப் பக்கமே வந்திருக்கிறது.

"புரியும்படி பதில் சொல்லணும்னு மட்டும்தான் சாசனத்துல இருக்குதுங்க" என்றார் ஒடியாம்போ மெதுவாக. "காலக்கெடு காரணமாத் தேர்ந்தெடுக்கப்பட்டதுன்னு சொன்னாலும் அது பொய்யில்லை. எதைப் படிக்கறதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க. நான் உங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன்."

மறுநாள் காலை சமுதாயக்கூடத்தில் அவள் எல்லாவற்றையும் படித்தாள். ஒன்பது இடங்களின் பெயர்களையும் படித்தாள். தன் பெயர் வரும் இடத்தில் நிறுத்தினாள். தண்ணீர் குடித்துவிட்டு அதையும் படித்தாள்.

தவசியாண்டி எழுந்தார். ஒன்பது நாட்களாகச் சம்மதம் சம்மதம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்தான்.

"அப்ப உங்களை இங்கிட்டு அனுப்பாம இருந்திருந்தா எங்க மழை எங்களுக்கே இருந்திருக்கும். அப்படித்தானே?"

"ஆமாங்கய்யா."

"இதை எங்ககிட்ட வந்து சொல்றீகளே, வேலை போயிராதா?"

"போகலாம்."

"மாட்டேன்னு சொல்லிருவோம்ப்பா" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கத்தியது. "அந்த ஊர்க்காரவுக புல்லுக் காயக்கூடாதுன்னு நம்ம மொளகா காயணுமா?" கூடம் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. சத்தம் கூரையில் மோதியது.

பஞ்சவர்ணம் எழுந்து சத்தம் ஓயும்வரை நின்றாள்.

"மாட்டேன்னு சொன்னா, அந்த ஒம்பது ஊருக்கும் போய்க் கேட்டு முடிக்க எத்தனை நாள் ஆகும் மேடம்?"

"ஆறேழு மாசம்."

"புயல்?"

"நவம்பர்ல."

"ரேபாவுக்கு இந்த வருசம் என்ன கெதின்னு அப்ப நமக்குத் தெரியும்." அவள் ஊரைப் பார்த்துத் திரும்பினாள். "எனக்குத் தோணுறதைச் சொல்றேன், சண்டைக்கு வராதீக. இந்த ஒரு வருசம் நம்ம மடையை அடைப்போம். ஒரே ஒரு வருசம். பன்னெண்டு கெடையாது. அடுத்த வருசத்துக்கு வேற எடம், அதுக்கடுத்த வருசம் வேற எடம். அந்த ஒம்பது ஊர்லயும் போய்க் கேக்கட்டும். கேக்கப் போற ஆள் யாருன்னு அந்த மிசினுக்குத் தெரியக்கூடாது. சீட்டுப் போட்டு எடுக்கட்டும். அவுக சம்மதிக்கிறாகளோ இல்லையோ, அவுகளும் ஒரு தடவை இந்த மாதிரிக் கூடத்துல வந்து உக்காரணும்ல?"

நான்கு மணி நேரம் சண்டை நடந்தது. இரண்டு பேர் நாற்காலியைத் தூக்கினார்கள். வாய்க்கால் நிலத்துக்குக் காத்திருந்தவர்கள் அழுதார்கள். ஒரே ஒரு வருட மழைக்குறைவுக்கு யாரும் நிலம் தரமாட்டார்கள். கடைசியில் மூன்றில் இரண்டு பங்கைவிடப் பதினேழு கைகள் கூடுதலாக உயர்ந்தன.

சாசனத்தில் சம்மதம் உண்டு, மறுப்பு உண்டு. "ஒரு வருடம் மட்டும்" என்பதற்கு இடமில்லை. சுகிர்தா அதைக் கேள்வியாகவே மாற்றி அனுப்பினாள்: "இந்தக் கெடுதலை முறைபோட்டுப் பகிர்ந்துகொள்ள மற்ற இடங்கள் தயாரா?" கேள்வி என்றால் மன்றம் பதில் சொல்லியாக வேண்டும், பதில் சொல்லாமல் கப்பல் நகராது. ஒடியாம்போ அந்த வரியைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்ததாக அவருடைய உதவியாளர் பிறகு எழுதினார்.

மொம்பாசாவில் நான்கு நாட்கள் விவாதம் நடந்தது. அந்தத் துறைமுக நகரத்தின் பிரதிநிதி, நிழலின் கணிப்பில் குறுக்கிடுவது அறிவியலுக்கு எதிரானது என்று நீளமாகப் பேசினார். கழிமுக நாட்டின் பிரதிநிதி எழுந்து ரேபாவும் பஞ்சவர்ணமும் பேசிய பதிவை அவையில் ஒலிக்கவிட்டார். அதற்குப் பிறகு யாரும் நீளமாகப் பேசவில்லை. முறைவைப்பு நிறைவேறியது, ஐந்து வாக்கு வித்தியாசத்தில். கேட்பு அலுவலர்களைக் குலுக்கலில் எடுப்பதும் சேர்ந்து நிறைவேறியது. கப்பல்கள் கெடுவுக்கு ஒரு நாள் முன்னால் கிளம்பின.

நவம்பரில் புயல் வந்தது. கழிமுகத்தைத் தொடும்போது அது வெறும் மழையாக இருந்தது. கீழச்செங்கனேந்தலில் மூன்றே மழை. மிளகாய் நாற்று பாதியில் கருகியது. தவசியாண்டி தன் மாடுகளைச் சொந்தக்காரர் ஊருக்கு ஓட்டிவிட்டார். ரேபா பஞ்சவர்ணத்தைக் கூப்பிட்டு, மருத்துவமனையில் அன்று ஏழு குழந்தைகள் பிறந்ததாகச் சொன்னாள். பஞ்சவர்ணம் ஏழு பேரின் பெயரையும் கேட்டாள் என்று சுகிர்தாவுக்குச் செய்தி வந்தது.

சுகிர்தாவின் வேலை போகவில்லை. ஆனால் குலுக்கலில் தன் பெயரைச் சேர்க்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். அதற்குப் பதிலாக, தான் முன்பு கேட்டுவந்த ஊர்களுக்குத் திரும்பிப் போய் உண்மையைச் சொல்ல ஒரே ஓர் அனுமதி கேட்டாள். ஜனவரியில் அது கிடைத்தது. அவள் அதிராம்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்துக்குப் போனாள். ஒன்பது வருடங்களுக்கு முன்னால் அவளுடைய முதல் கேட்பு நடந்த இடம். மீன்குஞ்சுகள் வளர்வதற்காகத் தங்கள் காயலையே மீன்பிடிக்கு மூடிக்கொள்ள அறுபத்திரண்டு குடும்பங்கள் அன்று சம்மதித்திருந்தன. அதன் பிறகு ஆழ்கடலுக்குப் போய்த்தான் பிழைப்பு. இரண்டு பேர் திரும்பி வரவில்லை.

அன்றைய கேட்பில் இருந்த மீனவர் குப்பமுத்து கரையில் படகின் வெளிப்பொருத்து எஞ்சின் ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தார். அவளை உடனே அடையாளம் கண்டுகொண்டார். ஆட்களைக் கூப்பிட்டார். இருபது முப்பது பேர் கூடினார்கள். சுகிர்தா நடந்தது அனைத்தையும் சொன்னாள். தான் நயமாகப் பேசிச் சம்மதம் வாங்கியதும், அதை வைத்து இயந்திரம் கற்றுக்கொண்டதும், அதனால் வந்ததும்.

குப்பமுத்து கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க மனசைப் போட்டு ஒழப்பிக்காதீங்கம்மா. நீங்க நல்லாப் பேசுனீங்கன்னு நாங்க சம்மதிக்கலை."

"பின்னே?"

"அதுக்கு முந்தி எங்ககிட்ட யாரும் எதையும் வந்து கேட்டதே கெடையாது. வருவாங்க, சொல்லிட்டுப் போவாங்க. நாங்களும் தலையாட்டுவோம். நீங்களும் வந்தீங்க, தலையாட்டினோம். அது கேள்வின்னே எங்களுக்குத் தெரியலைம்மா. முடியாதுன்னு ஒரு பதில் இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"நான் சொன்னேனே. முதல் நாளே சொன்னேன்."

"சொன்னீங்க. ஆபீஸ்ல இருந்து வர்றவங்க எவ்வளவோ சொல்லுவாங்க."

கூட்டத்தில் சிலர் தலையசைத்தார்கள். அவர்களிடம் கோபமில்லை என்பதுதான் சுகிர்தாவைக் குடைந்தது. அந்தச் சம்மதத்துக்குக் காரணம் அவளுடைய நயமும் இல்லை, திறமையும் இல்லை. நிழலும் தவறாகப் புரிந்துகொண்டிருந்தது, அவளும் தவறாகப் புரிந்துகொண்டிருந்தாள்.

குப்பமுத்து துணியைக் கீழே போட்டார்.

"இப்பத் தெரியும்ல. இப்பக் கேளுங்க."

அவள் அந்தப் பழைய வாசகத்தையே சொன்னாள். அலங்காரம் எதுவுமில்லாமல், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் கேட்டாள். காயல் மூடியிருப்பதற்கு நீங்கள் சம்மதிக்கிறீர்களா? பதில் என்னவாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. கூட்டத்தினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னால் நின்ற பெண்கள் தங்களுக்குள் ஏதோ பேசத் தொடங்கினார்கள், பேச்சு வலுத்தது, ஒருத்தி காயலைக் கைகாட்டி என்னவோ மறுத்துச் சொன்னாள்.

"இது இன்னைக்கு முடியாதும்மா" என்றார் குப்பமுத்து. "கடலுக்குப் போனவங்க திரும்பணும். எல்லாரும் உக்காந்து பேசணும். பத்து நாளும் ஆகலாம், ஒரு மாசமும் ஆகலாம்."

"ஆகட்டும்" என்றாள் சுகிர்தா. பையிலிருந்து அலைபேசியை எடுத்து மொம்பாசாவுக்கு எழுதினாள்: 'கேட்டுவிட்டேன். யோசிக்கிறார்கள்.' பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் உட்கார்ந்து, அந்தப் பெண்கள் என்ன பேசுகிறார்கள் என்று கேட்கத் தொடங்கினாள்.